மதிலுக்கு வெளியே ஒரு தண்டனை: தென்னாபிரிக்கச் சிறைகளும் கைதிகளின் குடும்பங்களும்

சிறைச்சாலைகளின் வரலாறு பெரும்பாலும் மதில்களுக்கு உட்பட்ட வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கைதியின் உணவு, உடை, வேலை, தண்டனை என்பன பற்றி ஆய்வாளர் விரிவாகப் பேசுவர். வாசலில் நிற்கும் தாயும் மனைவியும் பிள்ளைகளும் அவ்வரலாற்றில் இடையிடையே தோன்றி மறைவர். ஆயின், ஒருவனைச் சிறையிலடைக்கும் அரசு அவனை மாத்திரம் தண்டிப்பதில்லை. அவன் உழைப்பில் வாழ்ந்த குடும்பத்தின் உணவையும் உறைவிடத்தையும் கல்வியையும் அது ஒருங்கே பறிக்கின்றது. தென்னாபிரிக்காவின் வெள்ளையர் அரசு இவ்வுண்மையை நன்கறிந்திருந்தது. அதனைத் தன் ஆட்சிக்குரிய கருவியாகவும் பயன்படுத்தியது. அதனை எதிர்த்தோரும் இதனை அறிந்திருந்தமையாலேயே, கைதிகளின் குடும்பங்களைப் பேணுதல் அந்நாட்டு விடுதலைப் போராட்டத்தின் ஓர் உறுப்பாக வளர்ந்தது. அவ்வளர்ச்சியையும் அதன் எல்லைகளையும் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. உழைப்பும் சிறையும்

தென்னாபிரிக்கச் சிறைமுறையை அந்நாட்டின் பொருளாதார அமைப்பிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வைரச் சுரங்கங்களும் பொற்சுரங்கங்களும் பெருகியபோது, மலிவான ஆபிரிக்க உழைப்பு பெருந்தொகையாகத் தேவைப்பட்டது. உழைப்பாளி நகருக்கு வரவேண்டும்; அவன் குடும்பமோ ஒதுக்கப்பட்ட நிலப்பகுதியிலேயே தங்கிவிட வேண்டும். குடும்பத்தைத் தாங்கும் கூலியைக் கொடுக்காது தனியொருவனுக்குப் போதுமான கூலியை மாத்திரம் கொடுப்பதற்கு இம்முறை வழிசெய்தது. இதனை நிலைநிறுத்திய கருவியே பாஸ் சட்டங்கள் எனப்பட்ட நடமாட்ட அனுமதிச் சட்டங்களாகும். உரிய சீட்டின்றி நகரில் நிற்பதே குற்றமாயிற்று. 1916ஆம் ஆண்டுக்கும் 1984ஆம் ஆண்டுக்கும் இடையில் இச்சட்டங்களின் கீழ்க் கைதாகியோ வழக்குத் தொடரப்பட்டோ துன்புற்றோர் 1 கோடி 70 இலட்சத்துக்கும் அதிகமானோர் என ஆய்வாளர் கணித்துள்ளனர். 1986இலேயே இச்சட்டங்கள் நீக்கப்பட்டன.

இவ்வாறு அகப்பட்டோரிற் பலர் பண்ணைகளுக்குக் கூலிகளாக அனுப்பப்பட்டனர். காலையில் வேலைக்குச் சென்றவன் மாலையில் வீடு திரும்பாதவிடத்து, அவன் எங்குள்ளான் என்பதை மனைவி அறிய வழியிருக்கவில்லை. 'டிரம்' சஞ்சிகையின் பத்திரிகையாளர் ஹென்றி நுமாலோ 1952இல் பெத்தல் பகுதிப் பண்ணைகளில் நிலவிய கொடுமைகளை வெளிப்படுத்தினார். பின்னர் வேண்டுமென்றே பாஸ் சட்டத்தை மீறிக் கைதாகி, ஜொகன்னஸ்பேர்க் சிறையின் உள்நிலையை நேரிற் கண்டு 1954இல் எழுதினார். அடியும் உதையும், குளிரில் நிருவாணமாக்கிச் சோதிக்கும் வழக்கமும் அவ்வெழுத்தின் மூலம் உலகறிந்தன.

அரசின் மறுமொழி சீர்திருத்தமாக அமையவில்லை. 1959ஆம் ஆண்டின் சிறைச்சாலைச் சட்டம், சிறைகள் பற்றிப் 'பொய்யான' செய்தி வெளியிடுதலைக் குற்றமாக்கி, உண்மையை நிறுவும் பொறுப்பையும் பத்திரிகையின் தலைமேற் சுமத்தியது. 1965இல் முன்னாட் கைதி ஹரல்ட் ஸ்ட்ரச்சனின் அனுபவங்களை 'ராண்ட் டெய்லி மெயில்' வெளியிட்டபோது, ஸ்ட்ரச்சன் மீண்டும் சிறை சென்றார். பத்திரிகை ஆசிரியர் லோறன்ஸ் காண்டரும் நிருபர் பெஞ்சமின் போகுருண்டும் 1969இற் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். இதன்பின், சிறையினுள் நிகழ்வதை அறிவதற்குக் கைதியின் குடும்பமே ஏறத்தாழ ஒரே வழியாயிற்று. குடும்பத்தின் மீது அரசின் கண் விழுந்தமைக்கு இது ஒரு முக்கிய காரணம் எனலாம்.

2. முன்னோடி முயற்சி: டோல்ஸ்டோய் பண்ணை

கைதிகளின் குடும்பங்களைக் கூட்டாகப் பேணும் முயற்சிக்குத் தென்னாபிரிக்காவில் ஒரு பழைய முன்மாதிரி உண்டு. டிரான்ஸ்வாலில் இந்தியரைக் கட்டாயமாகப் பதிவு செய்யும் சட்டத்துக்கு எதிராக 1907ஆம் ஆண்டு முதல் நடைபெற்ற சத்தியாக்கிரகத்தில், மக்கள்தொகை விகிதத்தை மிஞ்சிச் சிறை சென்றோர் தமிழராவர். சிறுவணிகமும் கூலிவேலையுமே அவர்களிற் பெரும்பாலோரின் பிழைப்பு. 1909இல் சாமி நாகப்பன் படையாட்சி என்னும் இளைஞர், கடுங்குளிரில் சிறை முகாமில் வேலை வாங்கப்பட்டு, விடுதலையான சில நாட்களில், யூலை 6ஆந் திகதி நியுமோனியா நோயால் இறந்தார்.

சிறை சென்றோரின் குடும்பங்களுக்கு முதலில் மாதாந்தம் பணம் வழங்கப்பட்டது. போராட்டம் நீண்டபோது நிதி கரைந்தது. ஒவ்வொரு குடும்பத்தின் தேவையையும் நியாயமாக அளவிடுதலும் அரிதாயிற்று. இந்நிலையிலேயே, 1910இல் கட்டடக் கலைஞர் ஹேர்மன் கலன்பாக், ஜொகன்னஸ்பேர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் இருந்த தமது 1,100 ஏக்கர் நிலத்தைக் காந்தியிடம் ஒப்படைத்தார். டோல்ஸ்டோய் பண்ணை எனப் பெயர்பெற்ற அவ்விடத்தை ஆன்மிகப் பரிசோதனையாக நோக்குவதே வழக்கம். அதன் உடனடித் தேவையோ முற்றிலும் உலகியல் சார்ந்தது: சிறை சென்றோரின் மனைவி மக்கள் பட்டினியின்றி வாழ ஓரிடம் வேண்டியிருந்தது. போராட்டத்தின் தமிழ்த் தலைவரான தம்பி நாயுடு அங்கு சுகாதாரத்துக்கும் பொருட்கொள்வனவுக்கும் பொறுப்பாயிருந்தார்.

1913இல் நிலைமை இன்னொரு படி மாறியது. அதுவரை கைதிகளின் குடும்பத்தினராய் இருந்த பெண்களே கைதிகளாயினர். தம்பி நாயுடுவின் மனைவியும் அவர்களுள் ஒருவர். மூன்று மாதக் கடூழியச் சிறைக்குட்பட்டு நோயுற்று வெளிவந்த பதினாறு வயது வள்ளியம்மை 1914 பெப்ரவரி 22ஆந் திகதி மரணமானார். பேணப்படுவோர், போராடுவோர் என்ற வேறுபாடு இங்கு அழிந்தமை கருதத்தக்கது.

இம்முன்மாதிரியின் குறையையும் மறைத்தலாகாது. அது இந்தியரை மட்டும் தழுவியது. சிறையில் ஆபிரிக்கரோடு ஒரே வகுப்பில் வைக்கப்பட்டமையைக் காந்தி அக்காலத்தில் இழிவெனக் கருதி எழுதினார். பாஸ் சட்டத்தால் அதே சிறைகளை நிரப்பிய ஆபிரிக்கரின் குடும்பங்கள் அவர்களது சிந்தனைக்கு அப்பால் நின்றன. இனவெல்லையைக் கடந்த ஆதரவு உருவாக மேலும் நாற்பதாண்டுகள் தேவைப்பட்டன.

3. றொபன் தீவும் குடும்பச் சிதைவும்

1956 டிசெம்பரில் 156 பேர் இராசத்துரோகக் குற்றஞ் சாட்டப்பட்டுக் கைதாயினர். ஆபிரிக்கர், இந்தியர், கலப்பினத்தோர், வெள்ளையர் ஆகிய அனைவரும் ஒரே வழக்கில் நிறுத்தப்பட்டமை இங்கு கவனிக்கத்தக்கது. 1961 மார்ச்சில், எஞ்சியிருந்த எதிரிகள் அனைவரும் விடுவிக்கப்பட்டனர். நான்கு ஆண்டுகளுக்கு மேலாக வேலைக்குச் செல்லமுடியாது நீதிமன்றத்திற் கழித்தோரின் குடும்பங்கள் எவ்வாறு பிழைக்கும் என்ற வினா அப்பொழுது எழுந்தது. விசாரணை பிரிட்டோரியாவில் நடைபெற்ற காலத்தில் அந்நகர இந்தியப் பெண்கள் நண்பகல் உணவு சமைத்துக் கொண்டுசென்றனர். இலண்டனில், புனித பவுல் பேராலயத்தின் குருவாகிய ஜோன் கொலின்ஸ், வழக்குச் செலவுக்கும் குடும்பங்களின் வாழ்வுக்குமாக நிதி திரட்டினார்.

1963ஆம் ஆண்டின் சட்டம் 90 நாட்கள் விசாரணையின்றித் தடுத்துவைக்க இடமளித்தது. 1967ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டம் அதற்குக் கால எல்லையே இல்லாது செய்தது. (1979இல் இலங்கையில் இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தை ஆராய்ந்த சர்வதேச சட்ட வல்லுநர் ஆணைக்குழு, அதனை இத்தென்னாபிரிக்கச் சட்டத்தோடு ஒப்பிட்டமை நம் வாசகர் நினைவிற் கொள்ளத்தக்கது.) 90 நாட் சட்டத்தின் கீழ்த் தடுத்துவைக்கப்பட்ட முதற் பெண் அல்பேர்ட்டினா சிசுலு ஆவார். தாதியாகப் பணிபுரிந்து பிள்ளைகளைக் காப்பாற்றி வந்த அவரோடு அவருடைய பதினேழு வயது மகனும் தடுத்துவைக்கப்பட்டார். 1963 செப்டெம்பரில் லுக்ஸ்மார்ட் நிகுட்லே தடுப்புக் காவலில் இறந்தார். 1977இல் ஸ்டீவ் பீக்கோ கொல்லப்படும் வரையிலும் அதன் பின்னரும் அவ்வரிசை தொடர்ந்தது. 1971இற் பொலிஸ் கட்டடத்தின் பத்தாம் மாடியிலிருந்து தாமே குதித்ததாகக் கூறப்பட்ட அகமது திமோல் உண்மையிற் கொல்லப்பட்டார் என்பதை, குடும்பத்தினரின் விடாமுயற்சியால், 2017இல் நீதிமன்றம் ஒன்று தீர்மானித்தது. நாற்பத்தாறு ஆண்டுகள் ஒரு குடும்பம் சுமந்த தண்டனை அது.

றொபன் தீவில் நிறவேற்றுமை தட்டிலும் உடையிலும் கூடக் காணப்பட்டது. இந்தியருக்கும் கலப்பினத்தோருக்கும் பாணும் நீளக் காற்சட்டையும். ஆபிரிக்கருக்குப் பாண் இல்லை, அரைக்காற்சட்டையே உடை. உணவு வேற்றுமை 1979இலேயே நீங்கியது. சுண்ணாம்புக் கற்குழியிற் பல்லாண்டு கடூழியம். ஆயினும் கைதிகள் தம் நினைவுகளில் மிகுந்த வேதனையோடு குறிப்பிடுவது குடும்பத் தொடர்பு அறுக்கப்பட்டதையேயாகும். கடைநிலை வகுப்புக் கைதிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், 500 சொற்களுக்கு மேற்படாமல். ஆறு மாதத்துக்கு ஒரு சந்திப்பு, அரை மணி நேரம். ஆங்கிலத்திலோ ஆபிரிக்கான்ஸ் மொழியிலோதான் பேசலாம் என்ற விதி, தாய்மொழியன்றி வேறறியாத தாயையும் மகனையும் எதிரெதிரே ஊமைகளாக்கியது. இரண்டு வயதுக்கும் பதினாறு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் தந்தையைக் காணவியலாது. 1968இல் தாயும் 1969இல் மூத்த மகனும் இறந்தபோது, இறுதிக்கிரியைகளுக்குச் செல்ல மண்டேலாவுக்கு அனுமதி மறுக்கப்பட்டது.

இத்துடன் பாஸ் சட்டமும் சேர்ந்தது. நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் வாழும் மனைவி, கணவனைக் காண்பதற்குக் கேப்டவுண் வருவதாயின், அவளுக்கு அனுமதியும் பயணப்பணமும் தங்குமிடமும் வேண்டும். சுரங்கத்துக்காகக் குடும்பத்தைப் பிரித்த அதே இயந்திரம் சிறைக்காகவும் அதனைப் பிரித்தது.

4. உறையில் வந்த உதவி

இந்நிலையில் உதவி இரு வழிகளில் உருப்பெற்றது. உள்நாட்டில் திருச்சபைகளின் ஆதரவுடன் 1960களின் முற்பகுதியிற் கேப்டவுணில் தோன்றிய தங்கிவாழ்வோர் மாநாடு என்னும் அமைப்பு, குடும்பங்களுக்கு உதவித்தொகையும் பயணச்செலவும் வழங்கியது. 1970களின் பிற்பகுதி முதல், தீவுக்குச் செல்லும் குடும்பத்தினர் தங்குவதற்குக் கௌலி இல்லம் என்ற வீட்டையும் அது நடத்தியது. வெளிநாட்டிற் கொலின்ஸின் முயற்சி சர்வதேசப் பாதுகாப்பு உதவி நிதியமாக விரிந்தது. ரிவோனியா வழக்கிலும் எதிரிகளின் வழக்குச் செலவை ஏற்றது இவ்வியக்கமே.

1963 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, கொடுமைக்குள்ளானோரின் குடும்பங்களுக்கு உதவும் வழிகளை நாடுமாறு தீர்மானித்தது. 1965 டிசெம்பரில் தென்னாபிரிக்காவுக்கான நம்பிக்கை நிதியம் நிறுவப்பட்டது. இதற்குப் பின்னால் நின்று உழைத்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்திற் பயின்று ஐ.நா. செயலகத்தில் நிறவொதுக்கலுக்கு எதிரான குழுவின் செயலாளராயிருந்த ஈ. எஸ். ரெட்டி ஆவார்.

1966 மார்ச்சில் தென்னாபிரிக்க அரசு பாதுகாப்பு உதவி நிதியத்தைத் தடைசெய்தது. கைதியின் பிள்ளைக்கு அந்நிதியத்திலிருந்து சோறூட்டுவது சட்டப்படி குற்றமாயிற்று. நிதியம் ஓய்ந்துவிடவில்லை, மறைவில் இயங்கலாயிற்று. சுவீடன், நோர்வே முதலிய அரசுகளும் ஐ.நா. நிதியமும் வழங்கிய பணம், நிதியத்தோடு வெளிப்படையான தொடர்பற்ற சட்டத்தரணிகளின் கைகளினூடாகச் சென்றது. வழக்குச் செலவு ஒரு பிரிவினரிடமும், குடும்ப உதவி இன்னொரு பிரிவினரிடமும் இருந்தன. குடும்ப உதவியில் ஈடுபட்டோர் பெரும்பாலும் சாதாரண மக்கள். ஒவ்வொருவருக்கும் சில குடும்பங்கள் குறிக்கப்பட்டன. அவர்கள் தம் சொந்தப் பெயரில், தனிப்பட்ட நண்பர் போல், குறித்த காலத்துக்கொருமுறை கடிதமும் அஞ்சற் பணக்கட்டளையும் அனுப்பினர். கடிதத்தில் அரசியல் இடம்பெறலாகாது. தென்னாபிரிக்காவிலிருந்து வந்த பதில்களும் அவ்வாறே வீட்டு வாடகை, பள்ளிக்கட்டணம், பிள்ளையின் நோய், தீவுக்குச் சென்றுவந்த செய்தி என்பவற்றைக் கூறின.

1991இல் நிதியம் தன் பணியை நிறைவு செய்தபோது, ஏறத்தாழ 10 கோடி பவுண் இவ்வாறு நாட்டினுள் சென்றிருந்ததாக மதிப்பிடப்பட்டது. அக்கடிதங்கள் மேற்குக் கேப் பல்கலைக்கழகத்தின் காப்பகத்தைச் சேர்ந்தன. அரசியலே பேசாத அக்கடிதங்களை ஒருங்கே நோக்குமிடத்து, நிறவொதுக்கல் ஆட்சியின் கீழ் ஆபிரிக்கப் பெண்கள் குடும்பம் நடத்திய வரலாற்றுக்கு அவை பெறுமதிமிக்க சான்றாகின்றன.

இவ்வுதவியின் அரசியற் பெறுமானம் யாது? கைதிக்கு அது மன உறுதியை அளித்தது. சாட்சி சொன்னால் விடுதலை எனப் பொலிசார் பேரம் பேசும்போது, தன் பிள்ளைகள் பட்டினி கிடக்கவில்லை என்ற அறிவு எதிர்த்து நிற்க உதவும். தம்பி நாயுடுவின் குடும்பம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர் பேரன் இந்திரஸ் நாயுடு, 1963இற் கைதாகி றொபன் தீவிற் பத்தாண்டுகளைக் கழித்தார். பேத்தி சாந்தி நாயுடு, 1969இல் நெடுநாட் தனிமைச் சிறைக்குப் பின் வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்து அதற்காகத் தண்டனை பெற்றார். டோல்ஸ்டோய் பண்ணையில் இந்தியருக்குள் அடங்கியிருந்த ஒருமைப்பாடு, மூன்றாந் தலைமுறையில் ஆபிரிக்கப் பெண்ணொருத்திக்காகத் தன் விடுதலையையே மறுக்கும் அளவுக்கு விரிந்திருந்தது.

5. எல்லையும் எச்சமும்

எனினும் ஒரு வினா எஞ்சுகின்றது. இவ்வமைப்புகள் யாவும் அரசியற் கைதிகளின் குடும்பங்களையே தழுவின. இரகசியமாகச் செல்லும் வரையறுத்த நிதிக்கு அவ்வெல்லை தவிர்க்கவியலாதது. ஆனால் பாஸ் சட்டத்தால் சிறைப்பட்ட கோடிக்கணக்கானோர் எவ்வகைக் கைதிகள்? அவர்கள் மீறிய சட்டம் முழுக்க முழுக்க அரசியற் சட்டமே. அவர்களின் மனைவிமாருக்கு எவரும் கடிதம் எழுதவில்லை. அவர்கள் பெயர்கள் எந்தக் காப்பகத்திலும் இவ்வாறு தொகுக்கப்படவில்லை. அரசியற் கைதி, சாதாரணக் கைதி என்ற பாகுபாட்டை வகுத்தது அரசு. அதன் நிழல் அரசை எதிர்த்தோரின் பணியிலும் விழுந்தது.

இவ்வினா தென்னாபிரிக்காவோடும் 1994ஆம் ஆண்டோடும் முடிந்துவிடவில்லை. 1996 செப்டெம்பரிற் கம்பாலாவில் கூடிய மாநாடு, ஆபிரிக்கச் சிறைகளின் நெருக்கடியையும் விசாரணைக்காக நெடுங்காலம் காத்திருப்போரின் அவலத்தையும் சுட்டிப் பிரகடனம் வெளியிட்டது. 2015இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற கைதிகள் பற்றிய திருத்திய விதிகள் மண்டேலாவின் பெயரைத் தாங்குகின்றன. குடும்பத் தொடர்பைப் பேணுதலை அவை வலியுறுத்துகின்றன. ஆயினும் ஆபிரிக்க நாடுகள் பலவற்றிற் சிறை வழங்கும் உணவு போதாமையால், கைதிகள் உறவினர் கொண்டுவரும் உணவையே நம்பியுள்ளனர். வறிய குடும்பம் தானும் உண்ணாது சிறைக்கு உணவு சுமக்கின்றது. குடியேற்ற ஆட்சி கட்டிய சிறைகளைச் சுதந்திர அரசுகள் கையேற்றபோது, அவ்வாட்சி குடும்பத்தின் மேற் சுமத்திய பாரத்தையும் சேர்த்தே கையேற்றன.

எனவே, சிறைச் சீர்திருத்தம் பற்றிப் பேசுவோர் கைதியின் அறையின் அளவோடு நின்றுவிடலாகாது. அவன் வீட்டு அடுப்பையும் அவர்கள் கணக்கிலெடுத்தல் வேண்டும். அரசியற் கைதிகளின் குடும்பங்களுக்காக ஒரு தலைமுறை மறைவில் ஆற்றிய பணியை, குற்றம் எதுவாயினும் கைதிகள் அனைவரின் குடும்பங்களுக்கும் உரிய உரிமையாக வெளிப்படையில் நிலைநாட்டுவதே, அவ்வரலாறு நம்மிடம் விட்டுச்சென்ற நிறைவேறாக் கடமையாகும்.