தமிழ்ப் பேச்சறிதல்

தமிழ்ப் பேச்சறிதல் என்பது பேசப்படும் தமிழைக் கணினி எழுத்தாகவோ கட்டளையாகவோ மாற்றும் நுட்பம். மொழித் தொழில்நுட்பத்தின் ஒரு பிரிவு. குரல் தட்டச்சு, தொலைபேசி வழித் தகவல் சேவை, குரல் உதவியாளர் ஆகியவை இதன் பயன்பாடுகள்.

எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் உள்ள தொலைவே முதன்மைச் சிக்கல். ‘போயிருக்கிறார்கள்’ என்பது தூத்துக்குடிக் கரையில் ‘போயிருக்காவ’ என ஒலிக்கும். அங்கே காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனத் திசைதோறும் பெயருண்டு. செய்தித்தாள் தமிழில் மட்டும் பயின்ற பொறிக்கு இவை எளிதில் பிடிபடா. ‘க’ என்னும் ஓரெழுத்து ‘கடல்’, ‘சங்கு’, ‘பகல்’ ஆகியவற்றில் வெவ்வேறாக ஒலிப்பது ஒப்புநோக்கச் சிறு தடையே.

2000-களின் நடுவில் கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துடன் இணைந்து, தமிழகச் சிற்றூர்களில் குரல் பதிந்து, எழுதப் படிக்கத் தெரியாத உழவர்களுக்கான ‘தமிழ் மார்க்கெட்’ என்னும் குரல்வழித் தகவல் அமைப்பைச் சோதித்தனர். 2017-இல் கூகுள் குரல் தட்டச்சில் தமிழ் சேர்ந்தது. 2022-இல் ஒன்றிய அரசின் மொழித் தொழில்நுட்பத் திட்டமான பாஷினி தொடங்கப்பட்டது. சென்னை ஐஐடியின் ஆய்வுக்குழுவான ஏஐ4பாரத் திறந்த பேச்சறிதல் மாதிரிகளை வெளியிட்டுவருகிறது. மோசில்லாவின் காமன் வாய்ஸ் குரல் திரட்டில் தமிழும் உண்டு. அதற்கு எவரும் தம் வட்டார உச்சரிப்பிலேயே குரல் பதிந்து தரலாம்.