யானைத் துப்பாக்கி: பழைய சேலம் மாவட்டக் காடுகளும் பெருங்குழல் ரைபிளும்

யானை, காட்டெருது, காண்டாமிருகம் போன்ற பெருவிலங்குகளை வேட்டையாடுவதற்கென்று செய்யப்பட்ட, அகன்ற குழலும் கனத்த குண்டும் கொண்ட ரைபிள்கள் பொதுவாக யானைத் துப்பாக்கிகள் எனப்பட்டன. இவை ஆப்பிரிக்க வேட்டையோடு சேர்த்தே பேசப்படுகின்றன. ஆனால் இவற்றின் வரலாற்றில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பெரும் பங்கு உண்டு. அரூர், பென்னாகரம், தேன்கனிக்கோட்டை, ஓசூர் ஆகிய பகுதிகளை உள்ளடக்கியிருந்த பழைய சேலம் மாவட்டத்தின் காடுகளிலும் இத்துப்பாக்கிகள் ஒலித்தன. எந்த விலங்குக்கு எந்தத் துப்பாக்கி என்ற கேள்வி வேட்டைக்காரரின் விருப்பத்தோடு முடிந்துவிடவில்லை. தவறான தேர்வின் விளைவைப் பெரும்பாலும் அனுபவித்தவர்கள் காட்டோரத்து மக்களே.

பெயரும் அளவும்

துப்பாக்கியின் குழல் அளவு இரண்டு முறைகளில் குறிக்கப்படுகிறது. பழைய முறை 'போர்' எனப்படும். ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையுள்ள உருண்டைகளாக வார்க்கும்போது, குழலுக்குள் சரியாகப் பொருந்தும் உருண்டைகள் எத்தனை கிடைக்கின்றனவோ அதுவே அக்குழலின் எண். 12 உருண்டை கிடைத்தால் 12 போர். எனவே எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும். 8 போர் துப்பாக்கியின் உருண்டை 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம் எடை கொண்டது. 4 போர் உருண்டை 113 கிராம். அதன் குழல் விட்டம் ஓர் அங்குலத்துக்கும் சற்று அதிகம்.

ரைபிள்களுக்குப் பின்னர் வழக்கமான முறை, குழல் விட்டத்தை அங்குலத்தின் பின்னமாகக் குறிப்பது. .405 என்றால் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர்; .450 என்றால் ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர். .400 அளவையும் அதற்கு மேற்பட்டவற்றையும் பெருங்குழல் ரைபிள்கள் என்று வகைப்படுத்துவது வழக்கம்.

நடுகல்லும் நாட்டுத் துப்பாக்கியும்

அரூர், செங்கம் வட்டாரங்கள் நடுகற்களுக்குப் பெயர்பெற்றவை. ஆநிரைப் பூசலில் இறந்தவர்களுக்கே மிகுதியான கற்கள் நடப்பட்டன. விலங்கோடு போரிட்டு மாண்டவர்களுக்கும் கல் எடுக்கும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது. புலிக்குத்திப்பட்டான் கல், பன்றிக்குத்திப்பட்டான் கல் என்பவை அத்தகையவை. ஊரையும் பயிரையும் காக்க ஈட்டியோடும் வாளோடும் விலங்கின் எதிரில் நின்றவர்களின் நினைவுச் சின்னங்கள் அவை. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் இம்மாவட்டத்து நடுகற்கள் பலவற்றைக் காணலாம்.

ஈட்டிக்குப் பின் இம்மலைகளில் பரவியது நாட்டுத் துப்பாக்கி. குழலின் வாய் வழியே கருமருந்தையும் ஈயத் துண்டுகளையும் இட்டு, கம்பியால் இடித்துச் சுடும் வகை இது. கேழ்வரகுக் கொல்லையில் இறங்கும் பன்றியை விரட்டவும் முயல், மான் போன்றவற்றைச் சுடவும் இது போதுமானது. யானையின் மண்டையையோ புலியின் தோள் எலும்பையோ ஊடுருவும் ஆற்றல் இதற்கு இல்லை. சுடப்பட்ட விலங்கு சாகாமல் புண்ணோடு ஓடிவிடும். புண்பட்ட யானை மனிதரைக் கண்டவுடன் துரத்தும் மதயானையாகவும், புண்பட்ட புலி ஆட்கொல்லியாகவும் மாறுவதுண்டு. ஜிம் கார்பெட், கென்னத் ஆண்டர்சன் ஆகிய இருவருமே ஆட்கொல்லிகள் உருவாகும் காரணங்களில் ஒன்றாக ஆறாத துப்பாக்கிக் காயத்தைக் குறிப்பிட்டுள்ளனர்.

இலங்கையில் கற்ற பாடம்

யானைக்கேற்ற துப்பாக்கி எது என்ற ஆய்வு 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையில் தீவிரமடைந்தது. காப்பித் தோட்டங்களுக்காக அங்கே காடுகள் அழிக்கப்பட்ட காலம் அது. மேஜர் தாமஸ் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. அவர் 1845இல் மின்னல் தாக்கி இறந்தார்.

அதே பத்தாண்டில் இலங்கைக்கு வந்த சாமுவேல் பேக்கர், யானை வேட்டைக்கான ஆயுதத்தைப் பற்றி விரிவாக எழுதியவர். பிரிஸ்டல் நகரின் கிப்ஸ் நிறுவனம் அவருக்காக 1840இல் செய்த ரைபிளின் எடை 21 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 9.5 கிலோ. அதில் ஒரு முறை சுடுவதற்கு இடும் கருமருந்து மட்டும் 28 கிராம். கருமருந்தால் குண்டின் வேகத்தை ஓர் எல்லைக்கு மேல் கூட்ட முடியாது. ஊடுருவும் ஆற்றல் வேண்டுமானால் குண்டின் எடையைக் கூட்டுவதே வழி. எடை கூடினால் துப்பாக்கியின் உதையும் கூடும். அந்த உதையைத் தாங்கத் துப்பாக்கியும் கனமாக இருக்க வேண்டும். அதனால் அதைக் காட்டில் சுமந்துவர இன்னொருவர் தேவைப்பட்டார்.

பேக்கர் பின்னர் ஆப்பிரிக்கா சென்று, 1864இல் ஆல்பர்ட் ஏரியைக் கண்டார். இலங்கையில் யானையின் நெற்றியில் சுட்டு வீழ்த்திப் பழகிய அவர், ஆப்பிரிக்க யானையிடம் அம்முறை பலிக்கவில்லை என்று பதிவு செய்தார். ஆப்பிரிக்க யானையின் மண்டை அமைப்பு வேறு. இரு இனங்களிலும் மண்டையின் முன்பகுதி தேன்கூடு போலக் காற்றறைகள் நிறைந்த எலும்பால் ஆனது. மூளை அதற்குப் பின்னால் ஆழத்தில் உள்ளது. எனவே குண்டு எவ்வளவு பெரியது என்பதைவிட, அது நெளியாமல், திசை மாறாமல் எவ்வளவு ஆழம் செல்கிறது என்பதே முக்கியமானது.

நைட்ரோ எக்ஸ்பிரஸ்

1889இல் பிரிட்டனில் கார்டைட் என்ற புகையற்ற மருந்துக்குக் காப்புரிமை பெறப்பட்டது. இது இச்சிக்கலைத் தீர்த்தது. 1898இல் ஜான் ரிக்பி நிறுவனம் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவை அறிமுகப்படுத்தியது. 480 கிரெய்ன் (31 கிராம்) எடையுள்ள குண்டு, நொடிக்கு 2,150 அடி வேகத்தில் சென்றது. 4 போர் உருண்டையின் எடையில் கால் பங்குக்கும் சற்று மேற்பட்ட இக்குண்டு, உலோக உறையும் மிகுந்த வேகமும் கொண்டதால் அதைவிட ஆழமாக ஊடுருவியது. துப்பாக்கியின் எடையும் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

வெப்ப நாடுகளில் ஒரு தொல்லை இருந்தது. கார்டைட் வெயிலில் சூடானால் குழலுக்குள் அழுத்தம் மிகும். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு குழலில் ஒட்டிக்கொண்டால், துரத்திவரும் யானையின் முன்னால் துப்பாக்கி வெறும் தடியாகிவிடும். அதனால்தான் இவ்வகைத் தோட்டாக்களின் கூடு நீளமாகவும் பெரிதாகவும் செய்யப்பட்டது. இடம் அதிகமாக இருந்தால் அழுத்தம் குறையும்.

இந்தியாவுக்கான தடை, ஆப்பிரிக்காவில் விளைவு

பெருங்குழல் ரைபிள்களின் அளவுகளைப் பார்க்கும் மாணவருக்கு ஓர் ஐயம் எழும். .465, .470, .475, .476 என்று நெருக்கமான அளவுகளில் இத்தனை தோட்டாக்கள் எதற்கு? இதற்கான காரணம் இந்தியாவில் இருக்கிறது. பிரிட்டிஷ் படையின் பழைய மார்ட்டினி-ஹென்றி ரைபிள் .450 குழல் அளவு கொண்டது. அத்தகைய ரைபிள்கள் கிளர்ச்சியாளர்களிடமும் இருந்தன. வேட்டைக்காரர்களின் .450 குண்டுகள் அவர்களுக்குப் பயன்படக்கூடும் என்று அரசு அஞ்சியது. எனவே 1907 வாக்கில் இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவு ரைபிள்களுக்குத் தடை வந்தது.

இந்தியச் சந்தையை இழக்க விரும்பாத லண்டன் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் .450இலிருந்து சற்றே மாறுபட்ட அளவில் புதிய தோட்டாவை வெளியிட்டன. அவற்றுள் .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ், இந்தியாவைவிட ஆப்பிரிக்காவிலேயே பெரும்புகழ் பெற்றது, இன்றும் தயாரிக்கப்படுகிறது. ஆப்பிரிக்க யானை வேட்டையின் அடையாளமாகக் கருதப்படும் தோட்டா, இந்தியாவில் கிளர்ச்சி மூளும் என்ற அச்சத்தின் விளைவு.

படைத்துறை அளவு குடிமக்களுக்குக் கூடாது என்ற கொள்கை விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. ராணுவத்தின் .303 விலக்கப்பட்டதால், உரிமம் பெற்றோருக்கென .315 ரைபிள் இந்திய ஆயுதத் தொழிற்சாலையில் செய்யப்பட்டது.

கென்னத் ஆண்டர்சனின் .405

பழைய சேலம் மாவட்டக் காடுகளை உலக வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியவர் பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974). 1954இல் வெளிவந்த அவருடைய முதல் நூல் 'நைன் மேன்-ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்'. தலைப்பிலுள்ள அந்த ஒற்றை 'ரோக்', பென்னாகரம் பக்கத்துப் பனப்பட்டியின் மதயானை. ஜவளகிரி, முண்டச்சிப்பள்ளம் ஆகிய இடங்களின் ஆட்கொல்லிப் புலிகளும் அந்நூலில் இடம்பெற்றுள்ளன.

ஆண்டர்சன் பெரும்பாலும் ஏந்தியது வின்செஸ்டர் 1895 மாதிரியைச் சேர்ந்த .405 ரைபிள். ஜான் பிரௌனிங் வடிவமைத்த அமெரிக்கத் துப்பாக்கி இது. விரல்விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா குழலுக்குள் வந்துவிடும். லண்டனின் இரட்டைக் குழல் ரைபிள்கள் கையால் செய்யப்பட்டவை, செல்வர்களே வாங்கக்கூடியவை. வின்செஸ்டர் இயந்திரங்களால் பெருந்தொகையாகச் செய்யப்பட்டதால் விலை குறைவு.

இதே .405 ஆப்பிரிக்காவிலும் புகழ்பெற்றது. அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909–10இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றபோது சிங்கங்களுக்காக இதை விரும்பிப் பயன்படுத்தினார். யானைக்கு அவர் ஹாலந்து நிறுவனத்தின் .500/.450 இரட்டைக் குழல் ரைபிளையே கையில் எடுத்தார். .405இன் குண்டு 300 கிரெய்ன் (19 கிராம்). வேகம் நொடிக்கு 2,200 அடி. கணக்கிட்டால் அதன் ஆற்றல் .450 நைட்ரோ எக்ஸ்பிரஸின் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு அளவே வரும். புலிக்கும் சிறுத்தைக்கும் அது தாராளம். யானைக்கு அது போதுமா என்பது, சுடுபவர் எவ்வளவு நெருங்குகிறார், எவ்வளவு துல்லியமாகச் சுடுகிறார் என்பதைப் பொறுத்தது.

தேர்வின் அளவுகோல்கள்

பெரிய குழலே நல்லது என்ற கருத்தை மறுப்பவர்கள் டபிள்யூ. டி. எம். பெல்லைச் சான்று காட்டுவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க யானைகளைக் கொன்ற அவர், பெரும்பாலானவற்றை 7 மில்லிமீட்டர் அளவுள்ள சிறுகுழல் ரைபிளாலேயே வீழ்த்தினார். யானையின் மண்டையை அறுத்து மூளையின் இடத்தை ஆராய்ந்தவர் அவர். மற்றவர்களும் அவரைப் பின்பற்றலாம் என்பது இதன் பொருளன்று. சில ஆப்பிரிக்க நாடுகள் பின்னர் ஆபத்தான விலங்குகளுக்கு .375க்குக் குறைந்த ரைபிள்களை விலக்கி விதி செய்தன.

அனுபவமிக்கவர்கள் பார்த்த அளவுகோல்கள் நான்கு: குண்டு உறுதியாக ஊடுருவுகிறதா, இரண்டாவது குண்டு தடையின்றி உடனே கிடைக்குமா, உதைக்கு அஞ்சி முகம் சுளிக்காமல் சுட முடியுமா, தோட்டா எளிதில் கிடைக்குமா. பெருங்குழலின் பயன் குறி சற்றுத் தவறியபோது தெரிந்தது. மூளையைத் தொடாவிட்டாலும் கனத்த குண்டு யானையைத் தள்ளாடச் செய்து, இரண்டாவது குண்டுக்கு நேரம் தந்தது. சிறிய குண்டு குறி தவறினால் யானை புண்ணோடு ஓடிவிடும். சுட்டவர் மறுநாள் பெங்களூருக்கோ சேலத்துக்கோ திரும்பலாம். அந்தக் காட்டுப் பாதையில் மறுநாளும் விறகுக்கும் தேனுக்கும் போக வேண்டியவர்கள் ஊர்மக்களே.

யார் கையில் எந்தத் துப்பாக்கி

1873ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம், உரிமமின்றிக் காட்டு யானையைக் கொல்வதைத் தடுத்தது. அதற்கு முன் யானையைக் கொல்பவருக்கு அரசே வெகுமதி தந்த காலமும் இருந்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்குத் துப்பாக்கி உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின்னரே இன அடிப்படையிலான அவ்விலக்கு நீக்கப்பட்டது.

இதன் விளைவு எளிதில் விளங்கும். பொழுதுபோக்காக வேட்டைக்கு வந்தவரிடம் யானையை ஒரே குண்டில் வீழ்த்தும் ரைபிள் இருந்தது. யானையின் பாதையிலேயே வாழ்ந்தவரிடம் நாட்டுத் துப்பாக்கியோ தீப்பந்தமோ தப்பட்டையோ மட்டுமே இருந்தன. மதயானை என்று அரசு அறிவித்த பின், ரைபிள் உள்ளவர் வரும்வரை ஊர் காத்திருந்தது. அவருக்குத் தடம் காட்டி முன்னால் நடந்தவர்களும் இம்மண்ணின் மக்களே. ஆண்டர்சனின் நூல்களில் வரும் பூசாரி இனத்துப் பைரா அத்தகைய ஒருவர்.

இன்றைய நிலை

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக் காலத்தை முடித்துவைத்தது. 1977இல் யானை அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. யானைக்கு எதிராக இன்று எடுக்கப்படும் துப்பாக்கி மயக்க ஊசி செலுத்துவது. உடன் செல்வது கும்கி. 2023 பிப்ரவரியில் பாலக்கோடு பகுதியில் பயிர்களைச் சேதப்படுத்திய மக்னா யானை, சின்னத்தம்பி என்ற கும்கியின் துணையோடு பிடிக்கப்பட்டு ஆனைமலைக்குக் கொண்டு செல்லப்பட்டது. தருமபுரி மாவட்ட மலைக் கிராமங்களில் உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி அதிகாரிகள் அறிவிப்பதும் தொடர்கிறது.

யானைகளின் இறப்பு நின்றுவிடவில்லை. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே, விளைநிலத்தில் சட்டவிரோதமாக அமைக்கப்பட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. அதே மாதம் அரூருக்கு வடமேற்கிலுள்ள கம்பைநல்லூர் அருகே மின்கம்பியில் பட்டு ஓர் ஆண் யானை இறந்தது. யானையின் மண்டையை ஊடுருவ எத்தனை கிராம் ஈயம் வேண்டும் என்று ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆராயப்பட்டது. இன்று அதைக் கொல்ல ஒரு கம்பி போதுமானதாக இருக்கிறது. யானைக்கும் அதன் பாதையிலுள்ள உழவருக்கும் இடையிலான பழைய சிக்கலைப் பெருங்குழல் ரைபிளும் தீர்க்கவில்லை, மின்வேலியும் தீர்க்கவில்லை.