மூத்தவாப்பா சொன்ன வியாழக்கிழமை

அன்புவழிபுரத்தில் வாழ்ந்து மௌத்தான எங்கள் மூத்தவாப்பாவிடம் வருடம் கேட்டால் எண் வராது. “குண்டு விழுந்த வருசம்”, “வெள்ளைக்காரன் டொக்யாட்டக் குடுத்துட்டுப் போன வருசம்” என்பார். அவர் சொன்னதை நாங்கள் கதையென்றே கேட்டோம், வரலாறாக எண்ணவில்லை.

துறைமுகத்தில் எடுபிடிப் பையனாக நின்றபோது யப்பான் விமானங்கள் வந்தன. “வியாழக்கிழம காலம்பர. மறுநாள் ஜும்ஆவுக்கு ஒரு ஸஃப்பும் நிறையல்ல, சனமெல்லாம் காட்டுக்குள்ள.” ஒவ்வொரு தடவையும் இதே சொல். அது 1942 ஏப்ரல் 9. நாட்காட்டியைப் பின்னோக்கிக் கணக்கிட்டேன், வியாழக்கிழமைதான்! சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்ததைச் சொல்வார். அன்றே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் கப்பல் மூழ்கியதைச் சொன்னதேயில்லை. கண்டதை மட்டும் சொன்ன மனுசன்.

1957இல் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்ததை நான் வகுப்பில் பெருமையாகப் படிப்பிக்கிறேன். அவருக்கோ அது வேலை போன வருசம். பிறகு கொட்டியாரக் குடாவில் தோணி ஓட்டினார். 1964 டிசம்பர்ப் புயல் அதையும் கொண்டுபோனது. “தந்தவன் எடுத்தான்” என்பதற்குமேல் அதைப் பற்றிக் கதைக்கமாட்டார்.

குண்டு விழுந்தபோது மீசை அரும்பவில்லை என்பார். அடையாள அட்டைப்படி அப்போது வயது 26. யாரோ மதிப்புக்கு எழுதிய வருடம் அது. மரணப் பதிவிலும் அந்தப் பிழையான வயதைத்தான் கொடுத்தோம்.