அடிசம் மாளிகை

அடிசம் மாளிகை ஊவா மாகாணத்து அப்புத்தளை நகருக்கு மேற்கே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவில், தங்கமலைச் சரணாலயத்தை அடுத்து, ஆங்கில நாட்டுப்புறப் பிரபுக்களின் கிருகங்களை அடியொற்றி 1931 ஆம் ஆண்டில் எழுந்த கருங்கற் கட்டடமாகும். மட்டக்களப்பு மாவட்டத்து உன்னிச்சை முதலிய படுவான்கரை ஊரவர் செங்கலடி - பதுளை வீதியைப் பிடித்து, மகாஓயா, பதுளை, பண்டாரவளை வழியாக மலையேறி இதனை அடைவர்.

இவ்வகைக் கிருகத்தின் பூர்வோத்தரம் மத்தியகால இங்கிலாந்துக்கு உரியது. நிலப்பிரபு குடிகளிடம் வாரம் வாங்கியதும், வழக்குத் தீர்த்ததும், விருந்தூட்டியதும் கூரை உயர்ந்த ஒரே பெருங்கூடத்திலாதலின் அக்கூடமே வீடாக இருந்தது. அறைகள் அதைச் சூழப் பின்னரே பெருகின. 1536 தொடக்கம் எட்டாம் ஹென்றி மன்னன் துறவியர் மடங்களைக் கலைத்தபோது அவற்றுட் பல பிரபுக்களின் வாசஸ்தலங்களாயின.

அடிசத்தைக் கட்டுவித்தவர், பிரித்தானியப் பிரதமராயிருந்த ஜோன் ரசல் பிரபுவின் பேரரும், கொழும்பு ஜோர்ஜ் ஸ்டூவர்ட் வர்த்தக ஸ்தாபனத்தின் தலைவராக விளங்கியவருமான சேர் தோமஸ் வில்லியர்ஸ். கென்ற் மாவட்டத்து அடிசம் என்னும் சிற்றூரின் பெயரை வீட்டுக்கு இட்டு, அம்மாவட்டத்து லீட்ஸ் கோட்டையை மாதிரியாகக் கொண்டு, ரியூடர் காலப் பாணியில் அதனை அமைப்பித்தார். முரட்டுக் கருங்கற் சுவர்கள், ஒடுங்கிய சிறு கோபுரங்கள், நெடிய சாளரங்கள், புகைபோக்கிகள் ஆகியவற்றோடு, கதவும் படிக்கட்டும் தளமும் பர்மாத் தேக்கினால் இயன்றன. வெப்பம் மிகுந்த மட்டக்களப்பு வீட்டுக்குத் திண்ணையும் தாழ்வாரமும் எவ்வளவு இன்றியமையாதனவோ, பனிமூடும் இம்மலைக்குக் கணப்படுப்பும் அவ்வளவு இன்றியமையாததே. ஆதலால் இவ்வாங்கில அமைப்பு இங்கே வெறும் ஆடம்பரமாகத் தோன்றவில்லை.

ஆயினும் இங்கிலாந்தின் பழைய கிருகம் குடிகளின் வாரத்தில் நிலைத்ததுபோல, மலைநாட்டுத் துரைமாரின் வாழ்வு தேயிலையில், அதாவது தமிழகத்திலிருந்து வந்து லயன் அறைகளில் ஒடுங்கிய தொழிலாளரின் உழைப்பில், நிலைத்தது என்பதை மறைத்துக் கட்டடக் கலையை மட்டும் புகழ்தல் நியாயமன்று. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. அதற்கடுத்த ஆண்டிலே மாளிகை செதவத்தை மில்ஸ் என்னும் ஸ்தாபனத்துக்குக் கைமாறியது.

1961 இல் அம்பிட்டிய பெனடிக்ற் சபைத் துறவிகள் இதனைப் பெற்று மடாலயமாக்கினர். ஹென்றியின் காலத்தில் நிகழ்ந்ததற்கு நேர்மாறான இம்மாற்றத்தால் வீட்டின் உட்புறம் குலையவில்லை. வரவேற்பறையிலும் நூலகத்திலும் வில்லியர்ஸ் காலத்துத் தளபாடங்களை இன்றும் காணலாம். அவ்விரு அறைகளும் சனி, ஞாயிறு, போயா நாள்களிலும் பாடசாலை விடுமுறைகளிலும் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும்; துறவிகள் செய்யும் பழ ஜாமும் கொய்யா ஜெலியும் அங்கேயே விலைக்குக் கிடைக்கும்.