இமயத்துக்கு வழி காட்டியோர்

சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குப் படிமம் சமைக்க இமயத்திலிருந்து கல் கொணர்ந்த வரலாற்றை இளங்கோவடிகள் வஞ்சிக் காண்டத்தில் விரித்துரைக்கின்றார். அக்கல்லைத் தலையிற் சுமந்தோர் கனகனும் விசயனும் என்பது நம் பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. சுமந்தவர் பெயரும் நூலில் நின்றது அந்நிகழ்ச்சியின் சிறப்பு. பிற்கால இமய வரலாற்றிலோ சுமந்தவர் பெயர் பெரும்பாலும் மறைந்தே போயிற்று.

இதனை ஈண்டு எழுதக் காரணம் உண்டு. நம் காலனியில் வளர்ந்து, படிப்பு முடித்து, பணியில் அமர்ந்திருக்கும் பெண்ணொருத்தி, வழிகாட்டிகளுடன் செல்லும் குழுவொன்றில் பணம் செலுத்திச் சேர்ந்து எவரெஸ்ட் சிகரம் ஏற வேண்டும் என்று விரும்புகின்றாள். தந்தையார் பெருமிதம் கொள்கின்றார். தாயாரோ உறக்கம் இழந்திருக்கின்றார். அக்குடும்பத்துக்கு மட்டுமன்றி நம் அனைவர்க்கும் உரிய கேள்வி இது. ஆதலின் பேகம்பேட்டில் வாழும் நமக்கும் அச்சிகரத்துக்கும் உள்ள தொடர்பினை முதற்கண் காண்போம்.

அத்தொடர்பு தமிழ் மண்ணிலேயே தொடங்குகின்றது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வில்லியம் லாம்ப்டன் என்பார் சென்னைப் பரங்கிமலை அருகே சங்கிலி கொண்டு நிலத்தில் ஓர் அடிக்கோடு அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களாகப் பகுத்து அளந்த பெரும்பணிக்கு அதுவே அடித்தளம். கோணம் அளக்கும் அவருடைய கருவி அரை டன் எடையுள்ளது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மீது அதனைக் கயிற்றால் ஏற்றுங்கால் அது சுவரில் மோதிப் பழுதுற்றது. பல வாரம் உழைத்து அவரே அதனைச் சீர்செய்தார். கயிற்றைப் பிடித்திருந்த கைகள் யாருடையவை? வரலாறு அதனைச் சொல்லவில்லை.

1818இல் ஜார்ஜ் எவரெஸ்ட் என்னும் இளம் அலுவலர் லாம்ப்டனுக்கு உதவியாளராக நம் ஐதராபாத்துக்கு வந்து சேர்ந்தார். மறு ஆண்டு கிருஷ்ணைக்கும் கோதாவரிக்கும் இடைப்பட்ட காட்டில் அளவைப் பணி செய்தபோது அவரையும் குழுவினரையும் கடுங்காய்ச்சல் வீழ்த்தியது. உடல் தேற அவர் 1820இல் நன்னம்பிக்கை முனைக்குச் செல்ல நேர்ந்தது. அத்தகைய காய்ச்சல் கெட்ட காற்றால் வருவது என்றே அந்நாளில் நம்பினர். 1897 ஆகஸ்ட் 20ஆம் நாள் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்தார். அவர் ஆய்வு செய்த கட்டடம் நம் பேகம்பேட்டிலேயே உள்ளது. நாளும் அதனைக் கடந்து செல்லும் நம்மில் எத்தனை பேர் இதனை எண்ணிப் பார்க்கின்றோம்?

அளவைப் பணி வடக்கே இமயத்தை எட்டியது. பதினைந்தாம் சிகரம் என எண்ணிட்ட மலையே உலகில் உயர்ந்தது என்பதைக் கணக்கால் நிறுவியவர் வங்காளத்து இராதாநாத் சிக்தார். 1856இல் அதன் உயரம் 29,002 அடி என அறிவித்தனர். சிகரத்துக்கு இட்ட பெயரோ ஓய்வு பெற்றுச் சென்ற எவரெஸ்டுடையது. திபெத்தியர் சோமோலுங்மா என வழங்கிய பெயர் உலகோர் செவிக்கு எட்டவில்லை.

1953 மே 29ஆம் நாள் டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் உச்சியை அடைந்தனர். சுமை தூக்கியாகத் தொடங்கிய டென்சிங்கின் பெயர் உலகெங்கும் ஒலித்தது. 1954இல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் தோன்றியது. களப் பயிற்சியின் தலைமை அவரிடம் வந்தது. சுமந்தவர் ஆசிரியரான நாள் அது.

அந்நிலையத்தின் பயன் அறுபது ஆண்டுகட்குப் பின் நம் பக்கத்து ஊர்ப் பிள்ளைகட்கும் கிட்டியது. நிசாமாபாத் மாவட்டத்துப் பாகால சிற்றூரில், உழவுக் கூலி வேலை செய்யும் பழங்குடிப் பெற்றோர்க்குப் பிறந்த மாலாவத் பூர்ணா, அரசின் சமூக நல உறைவிடப் பள்ளி மாணவி. நம் நகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புவனகிரிக் கோட்டைப் பாறையில் அவள் முதன்முதலாகக் கயிறு பிடித்தாள். பயிற்சியாளர் சேகர் பாபு அவளுக்கும் பிற மாணவர்க்கும் படிப்படியாகப் பயிற்சி அளித்தார். பாறைக்குப் பின் டார்ஜிலிங். அதன்பின் லடாக்கின் குளிர். ஒவ்வொரு படியிலும் சிலர் நின்றனர். இறுதியில் எஞ்சியோர் பூர்ணாவும் ஆனந்த் குமாரும்.

2014 ஏப்ரல் 18ஆம் நாள் நேபாளப் பக்கத்தில் பனிச்சரிவு நேர்ந்து பிறர்க்காக வழி அமைத்துக்கொண்டிருந்த 16 நேபாளியர் மாண்டனர். அத்துயர ஆண்டிலேயே திபெத் வழியே சென்ற இவ்விருவரும் நேபாள வழிகாட்டிகள் துணையுடன் மே 25ஆம் நாள் உச்சியில் நின்றனர். பூர்ணாவுக்கு அன்று வயது 13 ஆண்டும் 11 திங்களும். தெலங்கானா மாநிலம் பிறக்க அப்போது இன்னும் எட்டு நாள் இருந்தது. 2023 மே திங்களில் தமிழகத்தின் முத்தமிழ்ச்செல்வியும் அச்சிகரத்தை அடைந்தார்.

இனி, வழிகாட்டிகளுடன் ஏறுவது யாது என்பதையும் அறிதல் வேண்டும். ஷெர்ப்பாக்கள் முன்சென்று கயிறு கட்டுகின்றனர். கூடாரமும் உணவும் உயிர்வளிக் குப்பிகளும் மேல் முகாம்கட்குச் சுமந்து வைக்கின்றனர். ஏறுவோர் உயரத்துக்கு உடல் பழகும்பொருட்டுப் பன்முறை ஏறி இறங்கி, ஏறத்தாழ இரு திங்கள் காத்திருக்கின்றனர். 8,000 மீட்டருக்கு மேல் உடல் தேறுவதில்லை. உச்சியில் மூச்சுக்குக் கிட்டும் உயிர்வளி கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கே. பணத்தால் கயிறும் குப்பியும் துணையும் கிடைக்கும். திரும்பும் துணிவு கிடைப்பதில்லை. 1996 மே 10, 11 நாள்களில் அம்மலையில் எட்டு உயிர்கள் மாண்டன. தேர்ந்த வழிகாட்டிகளும் அவருள் அடங்குவர். திரும்பவேண்டிய வேளை கடந்தும் மேலேறியது அத்துயருக்கு ஒரு காரணம்.

ஆகவே அப்பெண்ணைத் தடுக்குமாறு நாம் கூறோம். நேரே உச்சிக்கு விடுமாறும் கூறோம். நேபாள அரசின் அனுமதிக் கட்டணம் மட்டுமே இப்போது 15,000 டாலர். அப்பெருந்தொகையைக் கட்டுமுன் புவனகிரிப் பாறையில் தொடங்குக. டார்ஜிலிங்கிலோ உத்தரகாசியிலோ முறையாகப் பயில்க. 6,000 மீட்டர் மலையொன்றில் தன் உடலைச் சோதித்தறிக. பின்னர் குழு நடத்துவோரிடம் மூன்று கேள்விகள் கேட்க: திரும்பும் வேளையை யார் முடிவு செய்வார்? எனக்கென எத்தனை குப்பிகள்? எனக்காகச் சுமக்கும் ஷெர்ப்பாவுக்கு எவ்வளவு காப்பீடு? மூன்றாம் கேள்விக்கு மழுப்பி விடை கூறுவோரிடம் முதலிரண்டு விடைகளையும் நம்புதற்கில்லை.

தாயார்க்கு ஒரு சொல்: அச்சம் குற்றமன்று. மகள் உச்சிக்கு நூறு அடி கீழிருந்து திரும்பி வரினும் வாயிலில் கோலமிட்டு வரவேற்போம் என்பதை இன்றே அவளிடம் கூறிவிடுங்கள். அச்சொல் அவளுக்கு மலையில் உதவும்.

மகளுக்கும் ஒரு சொல்: நீ எய்தியது வெற்றியாயினும் அன்றாயினும், அடுத்த ஆண்டு மலரில் உன் பயணத்தை எழுதுவாயாக. அதில் உன் பெயர்க்கு முன்னே, உன்னுடன் சுமை சுமந்து கயிறு கட்டியவர் பெயர்களை எழுதுக. நம் சங்கம் அதனை மகிழ்வுடன் வெளியிடும்.