நாட்டுக்கோழிக் குடற்புழு நீக்கம்

நாட்டுக்கோழிக் குடற்புழு நீக்கம் என்பது, புறக்கடையில் மேய்ந்து வளரும் கோழிகளின் குடலிலும் மூச்சுக்குழலிலும் தங்கி வாழும் புழுக்களை மருந்தால் வெளியேற்றும் முறை. கிராமங்களில் இதைப் ‘பூச்சி மருந்து கொடுப்பது’ என்பார்கள். புழு கண்ட கோழி தீவனம் எடுத்தாலும் எடை ஏறாது. கொண்டை வெளுக்கும், இறக்கை தொங்கும், முட்டை குறையும். மார்பைத் தடவினால் நெஞ்செலும்பு கத்தி முனைபோல் கையில் தட்டுப்படும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குஞ்சுகளுக்கே கேடு அதிகம்.

புழு வகைகள்

கோழியில் காணும் புழுக்களில் முதன்மையானது பெரிய உருண்டைப்புழுவான அஸ்காரிடியா கேலி. சிறுகுடலில் வாழும். வெண்மஞ்சள் நிறம், பெண் புழு பத்து சென்டிமீட்டரைத் தாண்டியும் வளரும். இறந்த கோழியின் குடலை நீளவாக்கில் கிழித்தால் வேகவைத்த சேமியாவைப்போல் திரண்டு கிடக்கும். இதன் முட்டைகள் எச்சத்தோடு வெளியேறி, ஈரமும் வெப்பமும் வாய்த்தால் இரண்டு வாரத்துக்குள் தொற்றும் பக்குவத்தை அடைகின்றன. கோழி அவற்றைக் கொத்தி விழுங்கிய ஐந்து முதல் எட்டு வாரத்தில் புழு முதிர்ந்து தானும் முட்டையிடத் தொடங்கும். எப்போதாவது ஒரு புழு எச்சத்துவாரம் வழியாக முட்டைக்குழாய்க்குள் ஏறிவிடுவதுண்டு. அப்போது உடைத்த முட்டையின் வெள்ளைக்கருவில் முழுப் புழுவே கிடக்கும்.

குருட்டுக்குடலில் வாழும் ஹெட்டராகிஸ் கேலினேரம் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் அடங்கும் சிறு புழு. கோழிக்கு இதனால் பெரிய தீங்கில்லை. ஆனால் ஹிஸ்டோமோனாஸ் என்னும் ஓரணு உயிரியைத் தன் முட்டைக்குள் வைத்துக் காப்பாற்றி வான்கோழிகளுக்குக் கடத்துவது இதுவே. அந்த உயிரி உண்டாக்கும் கருந்தலை நோய் வான்கோழியின் ஈரலை அழித்துக் கொல்லும். கோழி மேய்ந்த இடத்தில் வான்கோழியை விடக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

நாடாப்புழுக்களில் ரெய்லியெட்டினா பேரினத்தைச் சேர்ந்த மூன்று இனங்கள் இந்தியாவெங்கும் உள்ளன. இவை நேராகக் கோழிக்குக் கோழி தொற்றுவதில்லை; எறும்பு, வண்டு, ஈ போன்ற இடைநிலை ஓம்புயிர் வேண்டும். எருக்குழியைக் கிளறி வண்டு பொறுக்கும் கோழிக்கு நாடாப்புழு வராமல் இருக்காது. ரெய்லியெட்டினா எகினோபாத்ரிடா குடற்சுவரில் தலையைப் புதைத்து, வெளிப்புறம் வரை தெரியும் முடிச்சுகளை உண்டாக்கும். பார்த்தவர் காசநோய் என்று தவறாக எண்ணும் அளவுக்கு அந்த முடிச்சுகள் இருக்கும். மயிரிழை போன்ற கேப்பிலேரியா, மூச்சுக்குழலில் செந்நிறமாக ஒட்டிக் குஞ்சுகளை வாய் பிளக்கவைக்கும் சின்கேமஸ் டிரேக்கியா ஆகியவையும் குறிப்பிடத்தக்கவை.

ஆய்வு வரலாறு

விலங்குகளின் உள்ளே வாழும் உயிரிகளைத் தனி நூலாக எழுதியவர்களில் முன்னோடி இத்தாலியரான பிரான்செஸ்கோ ரெடி. அவருடைய நூல் 1684-இல் வந்தது. ஆயினும் குடற்புழுக்கள் அழுகிய உணவிலிருந்தோ உடலிலிருந்தோ தாமாகவே தோன்றுகின்றன என்ற நம்பிக்கை அதற்குப் பிறகும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஜெர்மனியின் குவெட்லின்பர்க் நகரப் போதகர் கோட்சே, 1782-இல் குடற்புழுக்களின் இயற்கை வரலாற்றைப் படங்களோடு வெளியிட்டார்.

கோழிப்புழுக்களுக்கு இன்று வழங்கும் பெயர்களின் மூலம் 1788-இல் இருக்கிறது. பவேரியாவைச் சேர்ந்த பாதிரியாரும் தாவரவியலாளருமான பிரான்ஸ் பவுலா ஷ்ராங்க் அதுவரை அறியப்பட்ட குடற்புழுக்களின் பட்டியலை அவ்வாண்டு வெளியிட்டார். பெரிய உருண்டைப்புழு, குருட்டுக்குடல் புழு இரண்டின் இனப்பெயர்களும் அவருடையவை. பின்னாளில் மியூனிக் தாவரவியல் பூங்காவை நடத்தியவரும் இவரே. ஸ்டாக்ஹோமில் பிறந்து பெர்லினில் பணியாற்றிய கார்ல் அஸ்முண்ட் ருடால்பி, 1808 முதல் வெளியிட்ட பெருநூலில் புழுக்களைப் பெரும் பிரிவுகளாக வகைப்படுத்தினார். உருண்டைப்புழு, நாடாப்புழு, தட்டைப்புழு என்று இன்று கால்நடை மருத்துவ மாணவர் படிக்கும் பகுப்பு அங்கிருந்தே கிளைத்தது. அஸ்காரிடியா, ஹெட்டராகிஸ் என்னும் பேரினப் பெயர்களை 1840-களில் தந்தவர் பிரெஞ்சு அறிஞர் பெலிக்ஸ் துஜார்டின்.

பெயர்கள் அத்தோடு நிலைபெறவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி நூல்களில் பெரிய உருண்டைப்புழு அஸ்காரிடியா லினியேட்டா என்றும், குருட்டுக்குடல் புழு ஹெட்டராகிஸ் கேலினே என்றும் காணப்படும். பழைய நூல்களைப் புரட்டுவோர் இவற்றை வேறு புழுக்கள் என்று கொள்ளக்கூடாது.

மூச்சுக்குழல் புழுவின் முதல் பதிவு அமெரிக்காவினுடையது. பால்டிமோர் நகர மருத்துவர் ஆண்ட்ரூ வீசென்தால் 1797-இல் எழுதிய குறிப்பில், வாய் பிளந்து மூச்சுக்குத் திணறிச் சாகும் கோழிகளின் மூச்சுக்குழலில் இப்புழுக்களைக் கண்டதாகத் தெரிவித்தார். ஆண் புழு பெண் புழுவோடு வாழ்நாள் முழுவதும் ஒட்டியே இருப்பதால், எடுத்துப் பார்க்கும்போது கவட்டைபோல் இரண்டாகப் பிரிந்து தெரியும்.

நாடாப்புழுவின் வாழ்க்கைச் சுற்று வெகுகாலம் பிடிபடவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியர்களான கிராசியும் ரோவெல்லியும் நத்தை இனத்திலும் வீட்டு ஈயிலும் கோழி நாடாப்புழுவின் இளம்பருவத்தைத் தேடிச் சென்றபோதுதான் வழி திறந்தது. ரெய்லியெட்டினா என்ற பெயர் 1920-இல் பூர்மன் சூட்டியது. அல்போர் கால்நடை மருத்துவப் பள்ளியின் பேராசிரியர் அல்சீட் ரெய்லியேயைச் சிறப்பிக்க வைத்த பெயர் அது. அதே ஆண்டில் தியோபால்ட் ஸ்மித்தும் கிரேபிலும் குருட்டுக்குடல் புழுவுக்கும் கருந்தலை நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவினர். கான்சாஸில் ஜேம்ஸ் அக்கெர்ட் 1920-கள் தொடங்கி நடத்திய ஆய்வுகள், வைட்டமின் ஏ குறைந்த தீவனம் தின்ற கோழிகளில் உருண்டைப்புழு எளிதில் நிலைகொள்வதைக் காட்டின. முருங்கைக் கீரையும் அகத்தியும் தின்னும் கோழிக்கு வைட்டமின் ஏ கிடைப்பதால் இந்தப் பாதுகாப்பும் கிடைத்துவிடுகிறது.

இந்தியாவில் புழுக்களைப் பட்டியலிட்ட பணி பிரித்தானிய இந்திய விலங்குத் தொகுதி வரிசையில் நடந்தது. சவுத்வெல் எழுதிய நாடாப்புழுத் தொகுதிகள் 1930-இலும், பேலிஸ் எழுதிய உருண்டைப்புழுத் தொகுதிகள் 1936, 1939 ஆகிய ஆண்டுகளிலும் வெளிவந்தன. வீட்டு விலங்குகளின் புழுக்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஜி. டி. பாலேராவ் 1935-இல் தந்த நூல், களத்தில் நிற்கும் மருத்துவருக்கு இவை எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது.

மருந்துகள்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை புகையிலைத் தூள், டர்பென்டைன், கபிலப்பொடி, பாக்கு ஆகியவை கொடுக்கப்பட்டன. புழுவுக்கு நஞ்சாகும் அளவுக்கும் கோழிக்கு நஞ்சாகும் அளவுக்கும் இவற்றில் இடைவெளி மிகக் குறைவு. 1938-இல் பினோதயசின் வந்தது. 1950-களில் பைப்பரசின் பரவியது. பைப்பரசின் புழுவைக் கொல்வதில்லை. அதன் தசையைத் தளர்த்திப் பிடிப்பை விடச் செய்யும். குடலசைவு அதை உயிரோடே வெளியே தள்ளும். முதிர்ந்த பெரிய உருண்டைப்புழுவுக்கு மட்டுமே இது ஏற்றது. நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது.

1960-களில் தயபென்டசோல், லெவாமிசோல் ஆகியவையும், 1970-களில் பென்பென்டசோல், அல்பென்டசோல் ஆகியவையும் வந்தன. இன்று புறக்கடைக் கோழிக்கு அதிகம் வழங்குவது அல்பென்டசோல். உருண்டைப்புழுவோடு கூடுதல் அளவில் நாடாப்புழுவுக்கும் கேட்கிறது. லெவாமிசோல் நீரில் கரைவதால் கொடுப்பது எளிது. ஆனால் அளவு மீறினால் கோழி தாங்காது. ஐவர்மெக்டின் கோழியின் பெரிய உருண்டைப்புழுவிடம் சரிவர வேலை செய்வதில்லை, நாடாப்புழுவிடம் அறவே செய்வதில்லை. ஆட்டுக்கு வாங்கிய ஊசிமருந்தைக் கோழி வாயில் ஊற்றும் வழக்கம் கைவிடத்தக்கது. வேப்பிலை, பூண்டு, மஞ்சள் உருண்டைகள் பசியைத் தூண்டும்; உள்ளே நிலைகொண்ட புழுவை அகற்றுவதற்கு இவற்றை நம்பமுடியாது.

அளவைக் கணக்கிடுதல்

எல்லாத் தவறுகளும் இங்கேதான் நடக்கின்றன. மருந்தளவு கோழியின் எடையைப் பொறுத்தது, தலைக்கணக்கைப் பொறுத்ததல்ல. எடையைக் கிலோவில் எடுத்து, கிலோவுக்கு வேண்டிய மில்லிகிராமால் பெருக்கி, மருந்தின் ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறதோ அதனால் வகுக்க வேண்டும்.

அல்பென்டசோல் உருண்டைப்புழுவுக்குக் கிலோவுக்கு 10 மி.கி., நாடாப்புழுவுக்கு 20 மி.கி. என்பது வழக்கமான அளவு. 2.5 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 25 மி.கி. மருந்து உண்டு. 1.2 கிலோ பெட்டைக்கு 12 மி.கி., அதாவது ஏறக்குறைய அரை மில்லி. 2.2 கிலோ சேவலுக்கு 0.9 மில்லி. 300 கிராம் குஞ்சுக்கு 0.12 மில்லி. ‘கோழிக்கு ஒரு மில்லி’ என்று கடையில் சொன்னதைக் கேட்டு அந்தக் குஞ்சுக்கும் ஒரு மில்லி விட்டால் எட்டு மடங்கு போய்விடும். அதே நிறுவனத்தின் 10 சதவீத மருந்து அதே தோற்றத்தில் பக்கத்து அடுக்கில் இருக்கும். அதில் ஒரு மில்லி விட்டால் முப்பது மடங்குக்கும் மேல். மனிதருக்கு விற்கும் அல்பென்டசோல் சிரப்பில் 5 மில்லிக்கு 200 மி.கி., அதாவது மில்லிக்கு 40 மி.கி. புட்டியின் மேலட்டையில் பெரிய எழுத்தில் உள்ள பெயரைவிட, கீழே சிறிய எழுத்தில் உள்ள செறிவுதான் படிக்க வேண்டியது.

பைப்பரசின் இதற்கு விதிவிலக்கு; அதற்கு எடையைப் பாராமல் வயதைப் பார்த்து, ஆறு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சு ஒன்றுக்கு 50 மி.கி., அதற்கு மேற்பட்ட கோழி ஒன்றுக்கு 100 மி.கி. என்ற அளவு உண்டு. இது தூய பைப்பரசினின் அளவு. கடையில் கிடைக்கும் ஹெக்சாஹைட்ரேட் வடிவில் தூய மருந்து 44 சதவீதம்தான். ஆகவே 100 மி.கி. வேண்டுமானால் ஏறக்குறைய 227 மி.கி. ஹெக்சாஹைட்ரேட் வேண்டும், 45 சதவீத ஹெக்சாஹைட்ரேட் கரைசலில் அது அரை மில்லி.

லெவாமிசோல் கிலோவுக்கு 20 முதல் 25 மி.கி. பென்பென்டசோல் குடிநீர் மருந்தாக நாளொன்றுக்குக் கிலோவுக்கு 1 மி.கி. வீதம் ஐந்து நாள்.

எடை பார்க்கக் கோழியைத் துணிப்பையில் இட்டுத் தொங்கு தராசில் மாட்டினால் போதும். இருட்டில் அது அடங்கி இருக்கும். சிறிய அளவுகளுக்கு ஊசி நீக்கிய ஒரு மில்லி சிரிஞ்சு வேண்டும். இன்சுலின் சிரிஞ்சில் உள்ள கோடுகள் யூனிட்டுகள். 40 யூனிட் சிரிஞ்சில் 20-ஆம் கோடுதான் அரை மில்லி. அதை மறந்தால் கணக்கு கெடும். அல்பென்டசோல் அடியில் படியும் மருந்து என்பதால் ஒவ்வொரு முறை உறிஞ்சுமுன்னும் புட்டியைக் குலுக்க வேண்டும்.

கொடுக்கும் முறை, எச்சரிக்கைகள்

நாக்கின் வேருக்குப் பின்னால் நடுவே மூச்சுத்துளை திறந்திருக்கிறது. மருந்தை நேரே தொண்டையில் பீய்ச்சினால் அதில் இறங்கும். அலகின் ஓரத்தில் சிறிது சிறிதாக விட்டு, விழுங்கிய பிறகே மேலும் விட வேண்டும்.

கூட்டமாகக் கொடுப்பதானால் குஞ்சு, வளர்கோழி, பெரியது என்று பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் சிலவற்றை நிறுத்து மொத்த எடையைக் கணிக்க வேண்டும். 18 கிலோ மொத்த எடைக்கு 180 மி.கி., 2.5 சதவீத மருந்தில் 7.2 மில்லி. இரவு தீவனம் நிறுத்திக் கூண்டிலோ பஞ்சாரத்திலோ அடைத்து, காலையில் நனைத்த தவிட்டிலோ கம்பு மாவிலோ கலந்து பல தட்டுகளில் வைக்க வேண்டும். ஒரே தட்டில் வைத்தால் வலுத்த சேவல் தன் பங்கோடு பிறவற்றின் பங்கையும் தின்னும். புழு மிகுந்த நோஞ்சான் பட்டினி கிடக்கும். குடிநீரில் ‘லிட்டருக்கு இவ்வளவு’ என்பதும் ஏமாற்றும் கணக்கு. சித்திரை வெயிலில் கோழி இரண்டு மடங்கு குடிக்கும், மழை நாளில் சொட்டுத்தான்.

புறாவுக்கு அல்பென்டசோலும் பென்பென்டசோலும் ஆகாது; எலும்பு மஜ்ஜையைக் கெடுத்துக் கொல்லும். ஒரே வீட்டில் கோழியும் புறாவும் வளர்ப்போர் இதை மனத்தில் இருத்த வேண்டும். அடைவைக்க முட்டை எடுக்கும் பெட்டைக்கு அல்பென்டசோல் கொடுக்கக்கூடாது, கருவைப் பாதிக்கும். முட்டையையும் இறைச்சியையும் எத்தனை நாள் தவிர்ப்பது என்பது மருந்துக்கு மருந்து மாறும். பெரும்பாலான மருந்துகள் முட்டையிடும் கோழிக்கென்று ஒப்புதல் பெறாதவை என்பதால், கால்நடை மருத்துவர் சொல்லும் நாள்வரை முட்டையை வீட்டுக்கும் எடுக்காமல், விற்கவும் செய்யாமல் இருப்பதே முறை. புழு மிகுந்த குஞ்சுகளில் ஒரே நேரத்தில் கழன்ற புழுக்கள் குடலை அடைத்துவிடுவதும் உண்டு.

ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் மருந்தும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்க வேண்டும். கோழிக்கழிச்சல் தடுப்பூசிக்கு ஒரு வாரம் முன்பு கொடுத்தால் ஊசி நன்றாகப் பிடிக்கும். மருந்திட்ட மறுநாள் கூண்டின் எச்சத்தை வாரிப் புதைத்து, கூளத்தை வெயிலில் காயவிட வேண்டும். புழு முட்டை ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வறண்ட வெயிலில்தான் சாகும்.

இன்றைய நிலை

அமெரிக்க வான்கோழிகளின் உருண்டைப்புழுவில் பென்பென்டசோலுக்கு எதிர்ப்புத்திறன் தோன்றியிருப்பது 2019-இல் உறுதிசெய்யப்பட்டது. குறைந்த அளவு மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுப்பது அத்தகைய எதிர்ப்பை வளர்க்கும். தமிழ்நாட்டில் எச்சப் பரிசோதனையைக் கால்நடை மருந்தகங்களிலும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மையங்களிலும் செய்துகொள்ளலாம்.