ஈயத்திற்கு வந்த மின்சாரம்

மின்சாரத்தை நாகரிகத்தின் அடையாளம் என்பர். ஆயினும் மலாயாவில் அது மனிதர் வாழும் வீட்டை நாடி வரவில்லை. ஈயத்தை நாடியே வந்தது. பதிவில் உள்ள முதல் மின்யந்திரம் 1894-ஆம் ஆண்டு சிலாங்கூரின் ரவாங்கில் ஈயச் சுரங்கத்திற்காக நிறுவப்பட்டது. நிறுவியவர் இருவர்: ஒருவர் சீனச் செல்வர் லோக் இயூ, மற்றவர் தம்புசாமிப் பிள்ளை. பிள்ளையவர்கள் பெயரைச் சொன்னால் பத்துமலைக் கோயிலை நினைக்கும் நம்மவர், இந்த யந்திரத்தை நினைப்பதில்லை. இது கோயிலினும் சிறிய செய்தியா என்று கேட்கத் தோன்றுகிறது.

காந்தத்தினிடையே செப்புக் கம்பிச் சுருளைச் சுழற்றினால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். 1831-இல் மைக்கேல் பாரடே கண்ட உண்மை இது. சுழற்றுவது நீரா, நீராவியா, எண்ணெயா என்பது பற்றிச் சுருளுக்குக் கவலையில்லை. செலவு செய்கிறவனுக்கே கவலை. சூரிய ஒளித் தகடு இவ்விதிக்குப் புறம்பு. அதில் சுழல்வது எதுவுமில்லை.

பேராக்கின் கிந்தாப் பள்ளத்தாக்கில் அக்கவலை பெரிதாயிற்று. ஈய மண்ணை வாரும் கப்பல் ஒவ்வொன்றும் மிதக்கும் தொழிற்சாலை. தஞ்சோங் துவாலாங்கில் இன்று காட்சிப் பொருளாக நிற்கும் கப்பல் 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்தது. அதன் எடை சுமார் 4,500 டன். இத்தகைய யந்திரங்களுக்கு விறகும் கரியும் தனித்தனியே சுமந்து மாளாது. ஓரிடத்தில் மின்சாரம் செய்து கம்பி வழியே அனுப்புவதே சிக்கனம். அதற்கென 1926-இல் பேராக் நதி நீர்மின்சாரக் கம்பெனி தோன்றியது. மாலிம் நாவாரில் நீராவி நிலையம் எழுந்தது. கோலகங்சாருக்கு வடக்கே செண்டரோவில் நதிக்குக் குறுக்கே அணை எழுந்தது. அணைக்கு எரிபொருள் வேண்டா. ஆனால் பெரும்பணத்தை முன்னதாகவே விழுங்கும், நீர் வற்றினால் தளரும். நீராவி நிலையமோ எரிக்கும்வரை ஓடும், எரிப்பதற்கெல்லாம் விலை கேட்கும். ஒன்றின் குறையை மற்றொன்று தீர்த்தது.

செண்டரோ 1930-இல் ஓடத் தொடங்கியது. காலம் பொல்லாதது. உலக மந்தத்தில் ஈய விலை சரிந்தது. 1931-இல் உற்பத்திக் கட்டுப்பாடு வந்தது. மின்சாரம் இருந்தும் கேட்பார் குறைந்தனர். அதே ஆண்டுகளில்தான் ரப்பர்த் தோட்டங்களில் வேலையிழந்த தமிழர் பல்லாயிரவர் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர்.

எஞ்சியவர் வாழ்ந்த லயங்களில் எரிந்தது மண்ணெண்ணெய். பேரேடு எழுதும் தோட்டக் கிராணிகளாகிய நமக்கு அக்கணக்கு விளங்காமலில்லை. இரவும் பகலும் மின்சாரம் உறிஞ்சும் கப்பல் நல்ல வாடிக்கை. மாலையில் ஒற்றை விளக்கெரிக்கும் லயத்து வீட்டிற்குக் கம்பி இழுப்பது நட்டம். அக்கணக்கில் ஏறாதது ஒன்றுண்டு: புகையும் சிம்னி விளக்கில் பாடம் படித்த பிள்ளையின் கண். பிற்காலத்தில் தோட்டங்கள் பலவற்றில் டீசல் யந்திரம் வந்தது. துரை பங்களாவுக்கு அது முதலில் உழைத்தது. லயத்திற்கு வந்த இடத்திலும் இரவில் குறித்த மணியடித்ததும் நின்றுவிடும்.

இதற்கிடையே பேராக்கின் மின்சாரம் பன்மடங்கு வளர்ந்தது. அதே நதியின் மேற்பகுதியில் 1970-களில் கட்டிய தெமெங்கோர் அணையின் ஆற்றல் 348 மெகாவாட். அந்நீர்த்தேக்கத்திற்காகக் காட்டுவாழ் ஜஹாய், தெமியார் மக்கள் இடம் பெயர்க்கப்பட்டனர். கடலோரத்து மஞ்சோங்கில் 2015-இல் வந்த நிலக்கரி யந்திரம் ஒன்றே 1,000 மெகாவாட் தரவல்லது. கரியோ கப்பலில் அயல்நாட்டிலிருந்து வருகிறது.

தோட்ட முதலாளி லயத்திற்குப் போதிய மின்சாரம் அளிக்கவேண்டும் என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. செண்டரோ ஓடத் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்குப் பின்! அதற்குள் பால்மரம் வீழ்ந்து செம்பனை எழுந்துகொண்டிருந்தது. செம்பனை ஆலைகள் பழத்தின் நாரையும் கொட்டை ஓட்டையும் எரித்துத் தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாமே செய்துகொள்கின்றன. லயத்துச் சுவரில் மின்மானி ஏறியபோது, லயத்தார் பலர் பட்டணம் போயிருந்தனர்.